பழைய மின்கார் வாங்கினன், தே-ஹா-கே குவோட்டக் காசு தரமாட்டினமாம். என்ன செய்யலாம்?

டோர்ட்முண்ட் வாசி:
எல்லாருக்கும் வணக்கம். தே-ஹா-கே குவோட்ட எண்டது ஜேர்மனியில மின்கார் வைச்சிருக்கிறவை, அந்தக் காரால குறையிற பசுமைக்குடில் வாயு உமிழ்வை எண்ணெய்க் கொம்பனியளுக்கு வித்து வருசத்துக்கு ஒருக்கா எடுக்கிற காசு. இந்த வருசம் பங்குனியில பாவிச்ச மின்கார் ஒண்டு வாங்கினனான். முழுக்க பற்றரியில ஓடுறது, ஹைபிரிட் இல்லை. சித்திரையில ஒரு இடைத்தரகு நிறுவனத்துக்கு ஃபார்ட்சொய்க்ஷைனை (வாகனப் பதிவுப் பத்திரம்) படம் எடுத்து அனுப்பி குவோட்டக்கு விண்ணப்பிச்சன். நேற்றுத்தான் பதில் வந்தது: இந்த வாகனத்துக்கு இந்த வருசத்துக்கான குவோட்டச் சான்று ஏற்கெனவே குடுத்தாச்சாம். நான் ஒருக்காத்தான் போட்டனான்! வீட்டுச் சுவரில வோல்பொக்ஸ் எண்ட சார்ஜ் பெட்டி பூட்டி, மாசாமாசம் மீற்றர் அளவும் எழுதி வைச்சிருக்கிறன். அதை அனுப்பினா திருப்பிப் பாப்பினமோ? மனிசியின்ர பேரில லீசிங் கார் ஒண்டும் இருக்கு, அதுக்கும் இப்பிடி ஆகிடுமோ எண்டு யோசனையாக் கிடக்கு.

ஸ்டுட்கார்ட் பொறியாளர்:
அண்ணா, பழைய ஓனருக்கு ஒரு போன் போடுங்க. பெரும்பாலும் ஜனவரியிலேயே அவர் வாங்கியிருப்பார். ஒரு வண்டிக்கு ஒரு காலண்டர் வருஷத்துக்கு ஒரே தடவைதான் சான்று. நடுவுல வண்டி கைமாறினாலும் ரெண்டாவது கிடைக்காது. அவர் பேர்ல வண்டி இருந்தப்ப போட்டிருந்தா அதுல தப்பும் இல்லை.

மீட்டர் கணக்கை அனுப்பிப் பிரயோஜனம் இல்லைங்க. நம்ம வீட்டு சார்ஜிங்கை இதுக்காக யாரும் அளக்கிறதில்லை. காருக்கு வருஷத்துக்கு 2,000 யூனிட்னு ஒரே மதிப்பு வெச்சிருக்காங்க (2022-ல 1,943). நீங்க 500 யூனிட் ஏத்தினாலும் 4,000 ஏத்தினாலும் அதே தொகைதான். சாதாரண பிளக்ல ஏத்துறவங்களுக்கும் உண்டு, அதனால வால்பாக்ஸ் ரசீதும் கேட்க மாட்டாங்க.

டோர்ட்முண்ட் வாசி:
அப்ப இவ்வளவு நாளும் எழுதினது வீண். சரி, வித்தவரோட கதைச்சுப் பாக்கிறன்.

ஹம் அக்கா:
தம்பி, லீசிங் காரைப் பற்றிப் பயப்படாதேங்கோ. கார் ஆற்ற சொத்து எண்டது இல்லை, பதிவுப் பத்திரத்தில ஹால்டர் (காரைப் பதிஞ்சு வைச்சிருக்கிறவர்) எண்டு ஆற்ற பேர் இருக்கெண்டதுதான் கணக்கு. மனிசியின்ர பேர் எண்டா அவவுக்குத்தான் காசு. கொம்பனிப் பேரில பதிஞ்ச கார் எண்டாத்தான் கொம்பனிக்குப் போகும். பத்திரத்தின்ர ரெண்டு பக்கமும் தெளிவா இருக்கவேணும். எரிபொருள் வகையைக் காட்டுற பி.3 எண்ட கட்டத்தில எலெக்ட்ரோ எண்டு நிக்கவேணும், பிளக்-இன் ஹைபிரிட்டுக்கு ஒண்டும் இல்லை. விண்ணப்பங்கள் கார்த்திகை (நவம்பர்) 15 க்குள்ள உம்வெல்ட்புண்டெசம்ட் எண்ட அரசாங்கச் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குப் போய்ச் சேரவேணும், எண்டபடியா தரகர் அதுக்கு முன்னமே கதவைச் சாத்திப்போடுவார். கடைசிக் கிழமை மட்டும் வைச்சிருக்காதேங்கோ. ரெண்டு தரகருக்கு ஒரே காரைப் போட்டிடவும் வேண்டாம். சிலர் மறுக்கப்பட்ட விண்ணப்பத்துக்குக் கட்டணம் கேட்பினம், உங்கட ஒப்பந்தத்திலயும் அப்பிடி ஒரு வரி இருக்கோ எண்டு இண்டைக்கே பாருங்கோ.

எசன் தம்பி:
அக்கா, எங்கட அண்ணைக்கு 2022 இல 300 யூரோவுக்கு மேல கிடைச்சது. அதுக்குப் பிறகு ஏன் அவ்வளவு குறைஞ்சது? தரகர் அடிக்கிறாரோ?

ஹம் அக்கா:
தரகரின்ர பங்கும் இருக்கு, ஆனா முக்கிய காரணம் அது இல்லை. பெற்றோல், டீசல் விக்கிற எண்ணெய்க் கொம்பனியள் தங்கட எரிபொருளின்ர உமிழ்வை 2022 இல 7 வீதம், 2023 இல 8 வீதம் எண்டு வருசா வருசம் கூடக் குறைக்கவேணும். குறைக்க ஏலாத பங்குக்கு எங்கட மின்காரின்ர உமிழ்வுக் குறைப்பை எங்களிட்ட இருந்து வாங்கினம். வேற இடத்தில மலிவாக் கிடைச்சா எங்கட விலை விழும். சீனாவில இருந்து பயோடீசல் கனக்க வந்து சந்தையை நிரப்பிச்சுது. அங்க நடந்ததாக் காட்டின உமிழ்வுக் குறைப்புத் திட்டங்களில பல சந்தேகத்துக்குரியவை எண்டதும் 2024 இல வெளிய வந்தது. அந்த வருசம் பல இடங்களில 100 யூரோவும் தரேல்லை. நேர்மையா மின்கார் ஓடுற சனத்தின்ர காசு இப்பிடிக் கரைஞ்சது எனக்கு உண்மையிலயே கோபம்.

ஸ்டுட்கார்ட் பொறியாளர்:
இன்னொண்ணு, பழைய வண்டி வாங்கறவங்க எல்லாருக்கும்: இந்த வருஷக் குவோட்ட வாங்கியாச்சா இல்லையானு விற்கிறவர்கிட்ட கேட்டு, கையெழுத்துக்கு முன்னாடி ஒப்பந்தத்திலயே எழுதி வாங்குங்க. வாங்கியாச்சுன்னா அதை வெச்சு விலை பேசலாம்.

டோர்ட்முண்ட் வாசி:
வித்தவரோட கதைச்சன். தை மாசமே எடுத்திட்டாராம், மறைக்காமல் சொன்னார். ஒப்பந்தத்தில ஒண்டும் எழுதேல்லை, எண்டபடியா நானும் மேல கேக்கேல்லை. மறுப்புக் கட்டணம் எங்கட ஒப்பந்தத்தில இல்லை. மனிசியின்ர காருக்கு இண்டைக்கே ரெண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பிட்டன். என்ர காருக்கு வாற தை மாசம் போடுறன். ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி.