ஐயாவுக்கு வாய்க்காத மலை

எங்கள் ஐயா கொழும்புக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர். தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கிய காலம் அது. செட்டியார் தெருவில் பல வருடம் கணக்கெழுதியும் இலங்கையின் சிவனொளிபாத மலையில் ஏற மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. காரைக்குடி வீட்டுத் திண்ணையில் அதைச் சொல்லிச் சொல்லியே காலமானார். இந்தத் தை மாதம் நான் போய்வந்தேன்.

கொழும்பிலிருந்து ஹட்டன் வரை ரயில். பிறகு மஸ்கெலியா வழியாக மலையடிவாரமான நல்லதண்ணிக்கு பஸ். மலையின் உயரம் 2,243 மீட்டர், படிகள் 5,000க்கும் மேல். டிசம்பர் பௌர்ணமி முதல் மே பௌர்ணமி வரைதான் பருவகாலம். வழி நெடுக விளக்கு எரியும். பௌர்ணமி நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள், படியில் கால் வைக்க இடம் இருக்காது.

இரவு இரண்டு மணிக்குப் புறப்பட்டேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிரான்மலை ஏறிப் பழகிய கால் என்ற தைரியம் பாதி வழிவரைதான் வந்தது. மூச்சு வாங்க ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தபோது, கடைக்காரப் பெண் தமிழில் கேட்டார்: "எந்த ஊர் அண்ணன்?" காரைக்குடி என்றேன். கொதிக்கும் கேத்தலை அப்படியே இறக்கி வைத்துவிட்டார். அவருடைய பாட்டனார் எங்கள் சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர்ப் பக்கமிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவராம். "அங்கே இன்னும் கண்மாய் இருக்கிறதா?" என்றார். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

கடைசிப் படிகள் செங்குத்து. கைப்பிடிக் கம்பி பனியில் நனைந்து விரல்கள் மரத்துப்போயின. உச்சியில் ஒரே பாதச்சுவடு: நமக்குச் சிவன், சிங்களவர்களுக்குப் புத்தர், இஸ்லாமியருக்கும் கிறிஸ்தவருக்கும் ஆதாம். பிரான்மலை அடிவாரத்தில் சிவனையும் உச்சியில் தர்காவையும் கும்பிட்டு வளர்ந்த எனக்கு அது அந்நியமாகவே படவில்லை. எத்தனை முறை ஏறினோமோ அத்தனை முறை மணி அடிக்க வேண்டும். நான் ஒரு முறை அடித்தேன்.

சூரியன் எழுந்ததும் எல்லோரும் கிழக்கே பார்ப்பார்கள். நீங்கள் மேற்கே திரும்புங்கள். மலையின் நிழல் வரைந்துவைத்த முக்கோணமாகப் பள்ளத்தாக்கின் மேல் நீண்டு கிடக்கும். கொஞ்ச நேரம்தான், சுருங்கிவிடும்.

இறங்குவதுதான் முழங்காலுக்குப் பெரும் சோதனை. அந்தக் கடையில் மறுபடி நின்று, பையில் மிச்சமிருந்த சீப்புச் சீடையைக் கொடுத்தேன். ஒன்றைக் கடித்துப் பார்த்தவர், மீதியைக் காகிதத்தில் சுற்றி வைத்தார். கொழுந்து பறிக்கப் போயிருக்கும் அம்மாவுக்காம்.