கெடிலக்கரை உறவுகள்: பெரிய அத்தையின் கல்லூரிச் செய்திகள்

*சனிக்கிழமை*

பெரிய அத்தை (மாலை 6.40)
எல்லோருக்கும் வணக்கம். படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்குத் தொழில் கற்றுத்தரும் எங்கள் கடலூர்ச் சமுதாயக் கல்லூரியில் என்ன நடக்கிறது என்று ஆளாளுக்கு அன்போடு கேட்கிறீர்கள். இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அடுத்த சனிக்கிழமை காலை 10 மணி முதல் கல்லூரியைப் பொதுமக்கள் வந்து பார்க்கத் திறந்துவிடுகிறோம். தையல், நோயாளி பராமரிப்பு, ஏசி பழுதுபார்ப்பு, கணினிக் கணக்கியல் என்று நான்கு பிரிவு மாணவர்களும் தங்கள் வேலையைச் செய்துகாட்டுவார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துக்கொள்ளலாம். மதியம் தொலைபேசி மோசடி பற்றி ஒரு கூட்டம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் உங்கள் தெருவில் இருந்தால் கையோடு அழைத்து வாருங்கள். எங்களிடம் சேர வயது வரம்பு கிடையாது.

அடுத்தது, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கணினிக் கூடம் முதல் மாடிக்குப் போகிறது. சர்வரும் கூடவே போகிறது. பாடங்களை ஒலிப்பதிவாகக் கொடுக்கும் முயற்சியை எல்லாப் பிரிவுக்கும் விரிவாக்குகிறோம். படித்து முடிப்பவர்களின் சான்றிதழ், அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரிலும் கிடைக்க ஏற்பாடு நடக்கிறது. கேள்வி இருந்தால் கேளுங்கள்.

சித்தப்பா, முதுநகர் (6.52)
அக்கா, கூடம் மாடிக்குப் போவது மிக நல்ல முடிவு. இன்வெர்ட்டர் பேட்டரிகள் எங்கே போகின்றன? போன முறை வந்தபோது மாடிப்படிக்கு அடியில் பார்த்தேன்.

பெரிய அத்தை (6.55)
இப்போதும் அங்கேதான் இருக்கின்றன. எடை அதிகம், மாடிக்கு ஏற்ற வேண்டாம் என்று மின்பணியாளர் சொல்கிறார்.

சித்தப்பா, முதுநகர் (7.08)
மாடிக்கு ஏற்ற வேண்டாம் என்றால் சரி, தரையில் மட்டும் விடாதீர்கள். கோண இரும்பில் நாலடி உயரத்துக்கு ஸ்டாண்டு அடித்து அதன்மேல் வையுங்கள். மாடிப்படி அடியிலிருந்தும் எடுத்துவிடுங்கள். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும், காற்று புகாத மூலையில் அது தங்கக் கூடாது.

இன்னொன்று, இதைக் கட்டாயம் செய்யுங்கள். கீழ்த்தளத்துக்குத் தனி மெயின் சுவிட்ச், மேல்தளத்துக்குத் தனி மெயின் சுவிட்ச். கீழே உள்ள பிளக் பாயிண்டுகளை எல்லாம் இடுப்புக்கு மேல் உயர்த்திவிடுங்கள். மின்சாரம் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இரண்டு தளத்துக்கும் போடுங்கள். மழைநீர் உள்ளே வந்தால் கீழ்த்தளத்தை மட்டும் அணைத்துவிட்டு மேலே வேலை பார்க்கலாம்.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் நம் கரையைக் கடந்தபோது நான் மின்வாரியத்தில் இருந்தேன். கம்பங்கள் சாய்ந்து கிடந்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். தண்ணீர் ஏறி வடிந்த கட்டடத்துக்கு மறுபடி மின்சாரம் கொடுப்பதுதான் எங்களுக்குப் பெரிய பயம். சுவருக்குள் ஈரம் எத்தனை நாள் நிற்கும் என்று வெளியிலிருந்து தெரியாது. ஈரக் கையோடு ஒரு பிள்ளை சுவிட்சைத் தொட்டால் போதும்.

பெரிய அத்தை (7.12)
தம்பி, நீ இதை நேரில் வந்து மின்பணியாளரிடம் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலை வர முடியுமா?

சித்தப்பா, முதுநகர் (7.13)
வருகிறேன். அளவு நாடாவும் டெஸ்டரும் கொண்டுவருகிறேன்.

தம்பி, சென்னை (7.30)
அத்தை, வகுப்புக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கப்போவதாக முன்பு சொன்னீர்களே, அது பட்டியலில் இல்லையே? இப்போது அரசுப் பள்ளிகளிலேயே வந்துவிட்டது. கல்லூரியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கவனிப்பது அதைத்தான்.

பெரிய அத்தை (7.51)
பேசினோம். இருக்கிற பணத்தில் ஒன்று ஸ்மார்ட் போர்டு வாங்கலாம், அல்லது ஏசி பயிற்சிக் கூடத்தைப் புதுப்பிக்கலாம். ஏசி கூடத்தைத் தேர்ந்தெடுத்தோம். காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் கூடத்தில் மாணவர்கள் பழகுவது ஆர்-22 வாயு நிரப்பிய பழைய இயந்திரங்களில். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயு என்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 2030-க்குள் அதை நாடு கைவிட்டாக வேண்டும். இன்று கடையில் விற்கும் வீட்டு ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32 இருக்கிறது. அது லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை உடையது. குழாயில் இருக்கும் காற்றை வேக்குவம் பம்ப் வைத்து முழுதாக உறிஞ்சிய பிறகுதான் வாயு நிரப்ப வேண்டும். காற்றோட்டம் இல்லாத அறையில் வெல்டிங் சுடரோடு வேலை பார்க்கக் கூடாது. பழைய பழக்கத்தில் வாயுவைத் திறந்துவிட்டுக் காற்றை வெளியேற்றும் பையன் ஒரு நாள் கையைச் சுட்டுக்கொள்வான். தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகளை அப்படி வேலைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. படம் காட்டுவதற்குப் பழைய புரொஜெக்டர் இன்னும் நன்றாகவே ஓடுகிறது.

தம்பி, சென்னை (7.58)
ஏற்றுக்கொள்கிறேன் அத்தை. வாயுவின் பெயர் வரை பார்த்து முடிவெடுத்திருக்கிறீர்கள்.

கணினிகள் பற்றியும் கேட்க வேண்டும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் தருவதை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. உங்கள் பழைய கணினிகளில் விண்டோஸ் 11 ஏறாதே?

பெரிய அத்தை (8.05)
ஏறவில்லை. அதற்குக் கேட்கிற பாதுகாப்புச் சில்லு அவற்றில் இல்லை. தூக்கிப் போடவும் மனமில்லை. அவற்றில் இலவச இயங்குதளமான லினக்ஸ் ஏற்றியிருக்கிறோம், அதில் லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள் தமிழ் முகப்போடு ஓடுகிறது. தட்டச்சு கற்கும் பெண்களுக்குத் தமிழ்99 விசைப்பலகை அதிலேயே கிடைக்கிறது. கணக்கியல் பிரிவுக்கு மட்டும் சில புதிய கணினிகள் வாங்குகிறோம். கணக்கு எழுதும் டாலி மென்பொருளுக்கு விண்டோஸ் வேண்டும். டாலியும் ஜிஎஸ்டியும் தெரியாமல் மஞ்சக்குப்பத்தில் எந்தக் கடையிலும் கணக்கு வேலை கிடைக்காது.

தம்பி, சென்னை (8.07)
வருகைப் பதிவுக்கு முகம் பார்த்துப் பதியும் கருவி வைத்தால் ஆசிரியர்களுக்கு நேரம் மிச்சமாகுமே?

பெரிய அத்தை (8.11)
வேண்டாம். விற்பவர்கள் வந்தார்கள், அனுப்பிவிட்டேன். சிப்காட் ஷிப்ட் முடிந்து ஓடி வருகிற பெண் பத்து நிமிடம் தாமதமானால் கருவி அவளை வரவில்லை என்று எழுதும். ஆசிரியர் அவள் முகத்தைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் பெயர் எழுதுவார். பிள்ளைகளின் முகத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும் பொறுப்பும் எனக்கு வேண்டாம்.

அண்ணி (8.20)
அத்தை, ஒலிப்பதிவுப் பாடத்தை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்திவிடாதீர்கள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு பஸ்ஸில் ஏறினால் புத்தகம் திறக்க முடிவதில்லை. ஆசிரியரின் குரலில் பத்து நிமிடப் பாடம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன். படுக்கைப் புண் வராமல் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பதை நான் பஸ்ஸில்தான் மனப்பாடம் செய்தேன். காணொளி என்றால் டேட்டா தீர்ந்துவிடும். இது சில எம்பியில் முடிந்துவிடுகிறது.

பெரிய அத்தை (8.23)
நிறுத்த மாட்டேன் அம்மா. பார்வையில்லாத மாணவர் ஒருவர் கணினிப் பிரிவில் சேர்ந்திருக்கிறார். அவருக்கும் ஒலிப்பதிவு பெரிய உதவி. திரையில் இருப்பதைத் தமிழில் படித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, அதைப் புதிய கணினிகளில் போட்டுக்கொடுக்கிறோம்.

நான் (8.31)
அண்ணி, உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கதையை இங்கே எழுதுங்கள். சித்தப்பாவுக்கும் தங்கைக்கும் தெரியாது.

அண்ணி (8.46)
எழுதுகிறேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கன அடி தண்ணீர் திறந்தார்கள் அல்லவா? தென்பெண்ணை பெருகி நாணமேட்டில் எங்கள் அம்மா வீட்டுக்குள் வந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் ஆட்டையும் அரிசியையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டார்கள். டிரங்குப் பெட்டியைத் தூக்க நேரமில்லை. தண்ணீர் வடிந்த பிறகு திறந்தால் என் சான்றிதழ், தம்பியின் மாற்றுச் சான்றிதழ், அப்பாவின் பட்டா எல்லாம் சேறோடு ஒட்டிக்கிடந்தன. பிரித்தால் எழுத்து கையோடு வந்தது.

மறுபிரதி வாங்க அலைந்த அலைச்சலை நினைத்தால் இன்றும் கால் வலிக்கிறது. போகும் ஒவ்வொரு நாளும் சம்பளம் போனது. அத்தைதான், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் டிஜிலாக்கரில் கிடைக்கும், அதை வைத்தே சேர்ந்துகொள் என்று சொன்னார்கள். அப்படித்தான் கல்லூரியில் சேர்ந்தேன்.

சித்தப்பா, முதுநகர் (8.50)
இதுவரை எனக்குத் தெரியாது அம்மா. சொல்லியிருந்தால் நானும் அலைந்திருப்பேனே.

அண்ணி (8.52)
உங்கள் வீட்டிலும் அப்போது தண்ணீர்தானே சின்ன மாமா.

பெரிய அத்தை (9.04)
அன்று இவள் கொண்டுவந்த தாள்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்த எண்ணமே வந்தது. படித்து முடிக்கிற எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் ஆற்றோரம், கடலோரம், ஓலைக்கூரை வீடுகளில் இருக்கிறார்கள். டிப்ளமோ சான்றிதழைக் கையில் கொடுத்துக் கைதட்டி அனுப்பிவிடுகிறோம். அடுத்த கார்த்திகையில் அது என்ன ஆகிறது என்று கேட்பதில்லை. டிஜிலாக்கரில் வழங்கப்படும் ஆவணம் அசலுக்குச் சமம் என்று மத்திய அரசின் விதியே இருக்கிறது.

ஒரே சிக்கல் கைபேசி எண். மீனவர் வீடுகளில் எண் அடிக்கடி மாறுகிறது. ஆதாரில் பழைய எண் இருந்தால் ஓடிபி வராது. ஆகவே பொதுமக்கள் வரும் சனிக்கிழமை அன்று ஒரு மேசை இதற்கு மட்டும். எண் சரியாக இருப்பவர்களுக்கு அங்கேயே கணக்குத் திறந்து கொடுப்போம். சரியில்லாதவர்களை ஆதார் மையத்துக்கு மாணவர்களே அழைத்துப் போவார்கள். கடவுச்சொல்லை மட்டும் அவரவரே போட வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது.

தங்கை, இல்லினாய் (9.20)
அத்தை, இங்கே இப்போது காலை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தேன். இங்கே எங்கள் மாநிலத்தில்தான் ஜோலியட் ஜூனியர் கல்லூரி இருக்கிறது. 1901-இல் 6 மாணவர்களோடு தொடங்கியது. அமெரிக்காவின் மிகப் பழைய பொதுச் சமுதாயக் கல்லூரி அதுதான். இங்கே சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு, அந்த மதிப்பெண்களோடு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர்பவர்கள் ஏராளம். செலவு வெகுவாகக் குறைகிறது. அண்ணி படிப்பதும் இப்படி மேலே போகுமா?

பெரிய அத்தை (9.38)
நல்ல கேள்வி. நம் ஊரில் பலர் இந்தக் கல்லூரியை டுடோரியல் என்று நினைக்கிறார்கள். இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரி பக்கத்துப் புதுச்சேரியில், பல்கலைக்கழகத்தின் கீழ், 1995-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே சென்னையில் ஒன்று வந்தது. படிப்பை விட்டவர்களுக்குத் தொழிலும் மரியாதையும் சேர்ந்து கிடைக்க வேண்டும் என்பதே அன்றைய நோக்கம். மேற்படிப்புக்குப் பாதை மட்டும் அடைபட்டே இருந்தது.

2021-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, கல்வி மதிப்பலகு (கிரெடிட்) வங்கியைக் கொண்டுவந்தது. படித்ததற்கான மதிப்பலகுகள் மாணவர் பெயரில் சேமிப்பாகும், ஏழு ஆண்டு வரை செல்லும். எங்களுக்குச் சான்றிதழ் தரும் பல்கலைக்கழகம் எங்கள் படிப்புகளையும் அதில் பதிந்தால்தான் இவளைப் போன்றவர்களுக்குப் பயன். அதற்கு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை விட மாட்டேன். இந்தப் பருவத்தில் எனக்கு மிக முக்கியமான வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கணினியைப் பணம் இருந்தால் யாரும் வாங்கலாம்.

அண்ணி (9.41)
அத்தை, எனக்கு செவிலியர் படிப்பு வரை போக ஆசை இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பெரிய அத்தை (9.42)
செவிலியர் படிப்புக்குத் தனி விதிகள் உண்டு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். முதலில் அதைத் தனித்தேர்வராக எழுது. விண்ணப்பத் தேதி வந்ததும் நானே சொல்கிறேன்.

*ஞாயிற்றுக்கிழமை*

நான் (காலை 8.15)
அத்தை, பாட்டி கேட்கச் சொல்கிறார்கள். போலீஸ் உடையில் ஒருவன் காணொளி அழைப்பில் வந்து, உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது, அறையை விட்டு நகரக் கூடாது என்று மிரட்டினானாம். பாட்டி பயந்து அழைப்பைத் துண்டித்துவிட்டார்கள். பணம் போகவில்லை.

பெரிய அத்தை (8.19)
அம்மா செய்தது மிகச் சரி என்று சொல். டிஜிட்டல் கைது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. எந்தப் போலீஸும் கைபேசியில் கைது செய்யாது. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு வங்கியில் பிடித்து நிறுத்த வாய்ப்பு. மதியக் கூட்டம் இதைப் பற்றித்தான். அம்மாவை மேடையில் பேச வைக்கலாமா என்று யோசிக்கிறேன். எண்பது வயதுப் பெண் மோசடிக்காரனைத் துண்டித்ததைக் கேட்டால் தெருப் பெண்களுக்கு எவ்வளவு தைரியம் வரும்!

நான் (8.27)
பாட்டி சம்மதம் சொல்லிவிட்டார்கள். படியேற முடியாது, கீழ்த்தளத்தில் நடத்த வேண்டுமாம்.

பெரிய அத்தை (8.28)
கீழ்த்தளக் கூடத்திலேயே நடத்துவோம். அம்மாவுக்குச் சாய்ந்து உட்கார நாற்காலி போடுகிறேன்.

சித்தப்பா, முதுநகர் (8.35)
அம்மாவை நான் ஆட்டோவில் அழைத்து வருகிறேன். மைக்குக்கு வயர் தரையில் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா, மின்பணியாளரிடம் நாளைக்கே சொல்லிவிடுகிறேன்.

தம்பி, சென்னை (8.44)
நான் வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறுகிறேன். டிஜிலாக்கர் மேசைக்கு என்னை எழுதிக்கொள்ளுங்கள் அத்தை, மடிக்கணினியும் கொண்டுவருகிறேன்.

அண்ணி (8.50)
எனக்கு ரத்த அழுத்த மேசை. காலை ஒன்பதரைக்கே வந்துவிடுவேன், கடையில் விடுப்பு சொல்லியாகிவிட்டது.