பொருத்தனை பண்ணுவதை நிறுத்திய பிறகு

ஒரு அக்கா, நோயை ஆண்டவரிடம் முழுசாக ஒப்புக்கொடுத்துவிட்டால் மருந்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தார்கள். நிறுத்தாதீர்கள் அக்கா. என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

என் கணவருக்கு 2019-இல் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அப்போது நான் ஜெபித்ததெல்லாம் பொருத்தனைதான், அதாவது நேர்ச்சை. இவர் எழுந்து நடந்தால் இந்த வருஷம் சபையில் போடும் அசன விருந்துக்கு அரிசி முழுவதும் எங்கள் செலவு, ஸ்தோத்திரப் பண்டிகைக்கு என் வளையலைக் காணிக்கையாகப் போடுகிறேன், இப்படி. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் சபைகளில் வழக்கமாகச் செய்வதுதான்.

ஒருநாள் டோனாவூரிலிருந்து ஒரு பெரியம்மா பார்க்க வந்தார்கள். அந்த ஊரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிப் பேச்சு வந்தது. கோவிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண்பிள்ளைகளை 1901-இலிருந்து சேர்த்து வளர்த்தவர், 1931-இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார், அதன் பிறகு 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் ஓர் அறையும் கட்டிலும்தான். சுற்றிலும் அத்தனை பேர் ஜெபித்தும் அவர் பழையபடி நடமாடவில்லை, ஆனால் படுத்த இடத்திலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார், பிள்ளைகளை நடத்தினார். கேட்டதும் எனக்கு ஆறுதல் வரவில்லை, கோபம்தான் வந்தது. என் வீட்டுக்காரர் இருபது வருஷம் படுக்க வேண்டுமா?

சில நாள் கழித்து, புண் வராமலிருக்க அவரைப் புரட்டி முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "ஆண்டவரே, நடந்தாலும் இவர் உம்முடையவர், நடக்காவிட்டாலும் உம்முடையவர்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ரொம்ப அழுதேன். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே வியாகுலப்பட்டுத்தானே பிதாவின் சித்தத்துக்குத் தம்மை விட்டுக்கொடுத்தார்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. பேரம் பேசுவது மட்டும் நின்றது. ராத்திரி தூக்கம் வந்தது. பிரஷர் மாத்திரையும் பிசியோதெரபியும் ஒருநாளும் நிற்கவில்லை, சொல்லப்போனால் பயம் குறைந்த பிறகுதான் பயிற்சிகளை அவருக்கு ஒழுங்காகச் செய்யவைக்க முடிந்தது, அதற்கு முன்னால் விரல் அசைகிறதா என்று பார்த்துப் பார்த்தே நான் ஓய்ந்துபோவேன். உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவி என்று சொல்லும் சங்கீதம் 37:5-ஐ அப்போது தினமும் வாசிப்பேன்.

இப்போது வாக்கர் பிடித்து ஞாயிறு ஆராதனைக்கு வருகிறார். கை வரவில்லை, இனி வருவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளுக்கு வரன் பார்க்கிறோம், அப்பாவின் நிலையைக் கேட்டதும் இரண்டு வீட்டார் பின்வாங்கினார்கள். அதையும் ஒப்புக்கொடுத்திருக்கிறேன், ஆனால் இது அவருடைய வியாதியை ஒப்புக்கொடுத்ததைவிடக் கடினமாக இருக்கிறது.