களக்காட்டு வீடு: தாத்தாவின் பதினாறு

பெரிய அத்தை: பதினாறுக்கு வருகிறவர்களுக்கு எவர்சில்வர் தூக்கு கொடுத்துவிடலாமா? டவுனில் சொல்லி வைக்கவேண்டும்.

சென்னை அண்ணன்: எத்தனை பேர் அத்தை?

பெரிய அத்தை: நூற்றைம்பது. கூடவும் வரும்.

சித்தப்பா: அக்கா, தூக்கு வேண்டாம், வேப்பங்கன்று கொடுப்போம். பதினாறு 30ந் தேதி விழுகிறது. இயற்கை விவசாயத்துக்குப் பாடுபட்ட நம்மாழ்வார் ஐயா இறந்த நாளும் அதுதான், 2013 டிசம்பர் 30.

சின்ன அத்தை: இலை நம்ம தோட்டத்தில் அறுக்கலாமா?

மாமா: ஏத்தன் வாழைத்தார் விளையவில்லை. இப்போது இலையை அறுத்தால் காய் சிறுத்துப்போகும்.

சென்னை அண்ணன்: தாத்தாவுக்கு நம்மாழ்வாரைத் தெரியுமா சித்தப்பா?

சித்தப்பா: தெரியுமாவா? கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் அரசு வேலையில் இருந்தவர் ஐயா, மழையை நம்பிக் கிடக்கிற மானாவாரிக்கு உரமும் பூச்சிமருந்தும் விலைக்கு வாங்கிப் போட்டால் விவசாயம் பார்க்கிற சம்சாரிக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டுப் பார்த்துவிட்டு, 1969ல் வேலையை விட்டு நம்ம களக்காட்டுக்குத்தான் வந்தார். நோபல் பரிசு வாங்கிய பெல்ஜியம் பாதிரியார் டொமினிக் பியர் தொடங்கிய ‘அமைதித் தீவு’ என்கிற தொண்டு நிறுவனத்தில் பத்து வருஷம் இருந்தார். அப்பா அங்கே கூலி வேலைக்குப் போனவர். வெளியே வாங்கிப் போடுவதைக் குறைத்தால்தான் சம்சாரி நிமிர்வான் என்று ஐயா தெளிந்தது இங்கே வைத்துத்தான். அப்பா கடைசிவரைக்கும் நம்ம வயலில் மருந்தடிக்க விடவில்லையே, அது அங்கே பிடித்த பிடிவாதம்.

சின்ன அத்தை: ஆமா. பூச்சிக்கு வேப்பங்கொட்டை இடித்தே என் கை கசக்கும்.

சித்தப்பா: அந்த வேம்பின் எண்ணெயில் செய்கிற பூஞ்சை மருந்துக்கே வெளிநாட்டான் காப்புரிமை வாங்கினான். எதிர்த்துப் பேசியவர்களில் ஐயாவும் உண்டு. 2000ல் ஐரோப்பாவில் ரத்து செய்தார்கள். அதனால்தான் வேப்பங்கன்று என்கிறேன்.

பெரிய அத்தை: வாசல் வேம்பை வெட்டிவிட்டு ஊருக்குக் கன்று கொடுக்கிறதா தம்பி? அப்பா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

சின்ன அத்தை: அக்கா, அது இப்போது வேண்டாம்.

சித்தப்பா: மாடி எடுக்க வேறு இடமில்லை அக்கா. அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த இடத்தை மிதித்துப் போகும்போது மனசு அறுக்கிறது.

மாமா: மார்கழியில் நட்டால் கோடைக்குத் தண்ணீர் யார் ஊற்றுவது?

சென்னை அண்ணன்: பஸ்ஸில் சென்னைவரை கன்று தாங்குமா?

சித்தப்பா: ஈரச்சாக்கு சுற்றித் தருகிறேன். நாளைக்கு நாற்றங்காலில் விசாரிக்கிறேன். தூக்குக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் அக்கா.

பெரிய அத்தை: ஐம்பது சொல்லியாகிவிட்டது. மீதியைப் பார்ப்போம். வாசலில் ஒரு கன்றுக்கு இடம் விடு, நான் வந்து நடுகிறேன்.

சின்ன அத்தை: அப்போ இலை?