சொந்தக் காசில் ஏ320 டைப் ரேட்டிங்: எடுக்கலாமா, வேண்டாமா?

கோவைப்பறவை:
சிபிஎல் (வணிக பைலட் லைசென்ஸ்) கைக்கு வந்து மாதக்கணக்கில் ஆகிறது. 200 மணி நேரம் பறந்த கணக்கு, மல்டி எஞ்சின் ஐஆர் (கருவிகளைப் பார்த்தே பறக்கும் தகுதி), ஆர்டிஆர் (ரேடியோ லைசென்ஸ்) எல்லாம் இருக்கிறது, ஏர்லைன்ஸ் அழைப்புதான் வரவில்லை. ஏ320 ரேட்டிங்கோடு, அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டும் தனித் தகுதியோடு, போனால் உடனே வேலை என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். அப்பா வீட்டை அடமானம் வைக்கவும் தயாராக இருக்கிறார். என்ன செய்யலாம்?

ரன்வே07:
எடுத்துவிடுங்கள் தம்பி. இண்டிகோ 2023 ஜூனில் ஒரே ஆர்டரில் 500 விமானம் கேட்டது, எல்லாம் ஏ320 குடும்பம்தான். ஏர் இந்தியாவும் அதை ஓட்டுகிறது. காலியிடம் திறக்கும்போது ரேட்டிங் உள்ளவனைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

மேகமூட்டம்:
விமான ஆர்டரைக் காட்டி எத்தனை பேரைக் கடனாளி ஆக்குவீர்கள்? அந்த 500 விமானமும் நாளைக்கே வந்து நிற்கப் போவதில்லை, வருடக்கணக்கில் தவணையாகத்தான் வரும். அப்புறம் தட்டுப்பாடு என்று பேப்பரில் வருவதில் பெரும்பகுதி கேப்டன் தட்டுப்பாடு, அதற்கு ஏடிபிஎல் (கேப்டனுக்கான லைசென்ஸ்) வேண்டும், அதற்கே 1500 மணி நேரம் வேண்டும், 200 மணி நேரக்காரர்கள் இங்கே வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையிலும் ஏர்லைன்ஸின் சொந்த கேடட் திட்டத்தில் பயிற்சி எடுத்த பிள்ளைகள் முன்னால் போய்விடுகிறார்கள். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றபோது அனுபவமுள்ள பைலட்டுகளே வேலை தேடி அலைந்தார்கள். ரேட்டிங் எடுத்து வேலை இல்லாமல் உட்கார்ந்தால் அது பழசாகிவிடும், மறுபடி சிமுலேட்டரில் ஏற மறுபடி காசு. வேலை கொடுக்கும் கம்பெனி போயிங் 737 ஓட்டுகிற ஆகாசாவாக இருந்தால் அந்த ஏ320 ரேட்டிங்கை என்ன செய்வது?

ரன்வே07:
அதற்காக வீட்டில் சும்மா இருக்கச் சொல்கிறீர்களா? ஐஆரும்தான் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. இரட்டை எஞ்சினில் ஒரு மணி நேரம் பறக்க என்ன ஆகிறது தெரியுமா? காத்திருப்பதும் செலவுதான் சார்.

மேகமூட்டம்:
சும்மா இருக்க யார் சொன்னது? ஏஎஃப்ஐ (உதவிப் பயிற்சியாளர் ரேட்டிங்) எடுத்து ஃப்ளையிங் கிளப்பில் சொல்லிக்கொடுக்கட்டும். சம்பளம் கம்மிதான், ஆனால் மணி நேரம் ஏறும், கையும் துருப்பிடிக்காது. குறுக்குக் காற்றில் மாணவன் செஸ்னா 172-ஐ சாய்த்துக்கொண்டு இறக்கும்போது பக்கத்தில் இருந்து திருத்துகிற பழக்கம் சிமுலேட்டரில் வராது.

ரன்வே07:
கிளப்பில் மட்டும் காலியிடம் கொட்டிக் கிடக்கிறதாக்கும்.

வடபழனி_வலவன்:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். தம்பி, அந்த ஏஜென்டிடம் வேலை உறுதியை ஏர்லைன்ஸ் பெயர் போட்டு எழுத்தில் கேளுங்கள். அவர் தரமாட்டார். அடமானப் பேச்சை அதோடு விடுங்கள். லைசென்ஸுக்குப் படித்த பாடங்களை மறக்காமல் வைத்திருங்கள், இன்டர்வியூவில் மெட்டார் (குறியீட்டில் வரும் விமான நிலைய வானிலை அறிக்கை) ஒன்றை நீட்டிப் படிக்கச் சொல்வார்கள், அங்கே திணறி வெளியே வந்தவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

கோவைப்பறவை:
கேட்டுவிட்டேன் அண்ணே. "எழுத்தில் எல்லாம் யாரும் தரமாட்டார்கள், சீட் இன்னும் இரண்டுதான் இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்" என்கிறார். ஏஎஃப்ஐ எடுக்க தமிழ்நாட்டிலேயே இடம் இருக்கிறதா, வெளியே போகணுமா?