பொருள்: பைத்தானின் := குறிக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

பைத்தான் நிரல்மொழியின் 3.8 பதிப்பில் (2019) வந்த := குறியை வால்ரஸ் (தந்தமுள்ள கடல்விலங்கு) என்கிறார்கள். முக்காற்புள்ளி கண்ணாம், சமக்குறி தந்தமாம். நம் பாக் நீரிணையில் வால்ரஸ் ஏது? ஆவுளியா (கடற்பசு) உண்டு. ‘ஆவுளியாக் குறி’ என்று வைத்தால் என்ன?
— மண்டபத்திலிருந்து

அண்ணே, ஆண் ஆவுளியாவுக்கும் தந்தம் உண்டுதான்; ஆனால் உதட்டுக்குள் மறைந்து கிடக்கும். உவமையே நிற்காது. சேலத்துப் பிள்ளைக்கு முதலில் ஆவுளியாவை விளக்கணும், அப்புறம் குறியை. செய்யும் வேலையை வைத்துப் ‘பிடிகோவை’ எனலாம்: மதிப்பைப் பெயரில் பிடித்துக்கொண்டே கோவைக்குள் (எக்ஸ்பிரஷன்) கொடுக்கிறது.
— தொண்டியிலிருந்து

‘பிடி’ ஏற்கெனவே பிழை பிடிக்கும் எக்செப்டுக்குப் புழங்குகிறது, மோதும். பாடநூலில் = என்பது மதிப்பிருத்து குறி. அதிலிருந்தே எடுப்போம்: = அமைப்பது இருத்துகூற்று (கூற்று என்பது ஸ்டேட்மென்ட், தனியே நிற்கும் கட்டளை), := அமைப்பது இருத்துகோவை. வினைத்தொகை, ஆகவே க் மிகாது. ‘இருத்துக்கோவை’ என்று எழுதிவிடாதீர்கள்.

கூற்றுக்கு மதிப்பு கிடையாது, கோவைக்கு உண்டு. இந்தக் குறியின் சங்கதி முழுக்க அதுதான். பாடு := லென்(பெட்டிகள்) > 10 என்று இஃப் (நிபந்தனை) வரியில் எழுதினால் (லென் எண்ணிக்கை சொல்லும்), 12 பெட்டி இருந்தாலும் பாடு 12 ஆகாது, ட்ரூ (மெய்) ஆகும்; ஒப்பீடு முந்திக்கொள்கிறது. (பாடு := லென்(பெட்டிகள்)) > 10 என்று அடைப்பு போடணும். தனி வரியில் அடைப்பில்லாமல் எழுதினாலோ தொடரியல் பிழை: அங்கே கூற்றுதான் செல்லும்.

இன்னொன்று. பட்டியலை ஒரே வரியில் உருவாக்கும் கோவைக்குள் (லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன்) ஓடும் ஃபார் மாறி வெளியே வராது; அங்கேயே := இட்ட பெயர் வெளிச் செயற்கூறுக்குக் (ஃபங்ஷன்) கசியும், அதே பெயர் அங்கே இருந்தால் சத்தமில்லாமல் அழிக்கும். வகுப்பில் பாதிக் குழப்பம் இதிலேதான்.
— கீழக்கரையிலிருந்து

இந்தக் குறியைச் சேர்க்கச் சொன்ன பெப் 572 என்ற முன்மொழிவுக்கு நடந்த சண்டையில்தான் 2018 ஜூலையில் பைத்தானை உருவாக்கிய குய்டோ வான் ராசம் அதன் தலைமையை விட்டு விலகினார். நாம் நாலு மடலில் முடிக்கிறோம், பரவாயில்லை. பெட்டி[0] := 5 என்று அடைப்புக்குள் எழுதினால் வரும் பிழைச்செய்தியிலும் ‘அசைன்மென்ட் எக்ஸ்பிரஷன்’ என்றுதான் இருக்கிறது, வால்ரஸ் இல்லை. இருத்துகோவை அதற்குச் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. ஆவுளியாவைத் திரும்பப் பெறுகிறேன். கலைச்சொல் பட்டியலில் ஏற்றும்போது இருத்துகூற்றையும் பக்கத்திலேயே போடுங்கள்.
— மண்டபத்திலிருந்து