பொழுதுபோக்கு பைலட் கமர்ஷியல் பைலட் சான்றிதழ் எடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

டாலஸ்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். டாலஸ் பக்கம் ஐ.டி. வேலை, ஹெச்1பி வேலை விசா, கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். ப்ரைவேட் பைலட் சான்றிதழ் இருக்கிறது, போன வருஷம் இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்கும் (வெளியே தெரியாதபோது கருவிகளைப் பார்த்தே ஓட்டும் தகுதி) முடிந்தது. கிளப்பில் ஜி1000 என்ற டிஜிட்டல் திரைகள் போட்ட செஸ்னா 172 ஓட்டுகிறேன், லாக்புக்கில் பறந்த நேரம் இருநூறு மணியைத் தாண்டிவிட்டது. சனிக்கிழமை கிளம்பி ஏதாவது ஒரு சின்ன ஏர்போர்ட்டில் இறங்கி, சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது என்றே ஓடுகிறது, புதிதாக எதுவும் கற்றுக்கொள்வதாகத் தெரியவில்லை. கமர்ஷியல், அதாவது காசுக்கு ஓட்ட அனுமதிக்கும் சான்றிதழ், எடுங்கள் என்கிறார் இன்ஸ்ட்ரக்டர். ஏர்லைனுக்குப் போகும் எண்ணம் துளியும் இல்லாதவனுக்கு இது காசைக் கரியாக்கும் வேலையா? ஏற்கெனவே ஓட்டிய மணிகளில் எவ்வளவு கணக்கில் சேரும்? அப்புறம், எடுத்துவிட்டால் நண்பர்களை ஆஸ்டினுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பணம் வாங்கிக்கொள்ளலாமா, மெடிக்கல் சான்றிதழை இரண்டாம் வகுப்புக்கு மாற்ற வேண்டுமா, இதையும் யாராவது சொல்லுங்கள்.

பழைய செரோக்கி:

எடுங்கள். ஒஹாயோவில் சொந்தமாக ஒரு கிழட்டு பைப்பர் வைத்திருக்கிறேன், நானும் சம்பளத்துக்காக எடுக்கவில்லை.

ப்ரைவேட்டில் பத்திரமாக ஓட்டக் கற்றுக்கொண்டோம், இன்ஸ்ட்ரூமென்டில் மேகத்துக்குள் முள்ளைப் பார்த்து ஓட்டக் கற்றுக்கொண்டோம். விமானத்தை அதன் எல்லை வரை கொண்டுபோய், அங்கே அது கையிலும் காலிலும் எப்படிப் பேசுகிறது என்று தெரிந்துகொள்வது கமர்ஷியலில்தான். ஷாண்டெல் என்ற பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஏறிக்கொண்டே 180 டிகிரி திரும்பி, ஸ்டாலுக்கு (சிறகு தூக்குவதை விட்டுவிடும் நிலைக்கு) சற்றே மேலான வேகத்தில் சிறகை நேராக்கி முடிக்க வேண்டும். வேகம் குறையக் குறைய வலது ரட்டரை (வால் சுக்கானின் பெடலை) எவ்வளவு மிதிக்க வேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும், அதுவரை நாம் காலைச் சும்மா வைத்துக்கொண்டிருந்தோம் என்பதும் சேர்த்து.

எனக்குப் பிடித்தது எய்ட்ஸ் ஆன் பைலான்ஸ். தரையில் இரண்டு குறிகளைத் தேர்ந்தெடுத்து அவற்றைச் சுற்றி எட்டுப் போட வேண்டும், சிறகு நுனி குறியை விட்டு நகரக் கூடாது. அது நிற்பதும் நழுவுவதும் உங்கள் உயரத்தைப் பொறுத்தது, அந்த உயரம் தரைவேகத்தைப் பொறுத்தது. நாட் (மணிக்கு ஒரு நாட்டிகல் மைல்) கணக்கில் தரைவேகத்தை வர்க்கமாக்கி 11.3-ஆல் வகுத்தால் அடிக்கணக்கில் உயரம் வரும். 100 நாட் என்றால் தரையிலிருந்து 885 அடி. எதிர்க்காற்றில் திரும்பும்போது தரைவேகம் குறைகிறது, நீங்களும் இறங்க வேண்டும். பின்காற்றில் ஏற வேண்டும். உங்கள் டெக்சாஸ் காற்றில் நன்றாகவே வியர்க்கும்.

ஆனால் பொழுதுபோக்கு பைலட்டுக்கு உண்மையில் உதவப்போவது பவர் ஆஃப் 180. ஓடுதளத்துக்கு இணையாக வந்து, குறித்த புள்ளிக்கு நேராக வந்ததும் த்ராட்டிலை ஐடிலுக்கு (இன்ஜின் சும்மா சுற்றும் நிலைக்கு) இழுத்துவிட்டு, அந்தப் புள்ளியிலோ அதைத் தாண்டி 200 அடிக்குள்ளோ சக்கரம் பட வேண்டும். புள்ளிக்கு முன்னால் பட்டால் ஃபெயில்தான். செக்ரைட்டில் (தேர்வாளரோடு பறக்கும் தேர்வில்) பலர் சறுக்குவது இதில். இன்ஜின் நிஜமாகவே நின்றுபோகும் நாளில் கைக்கு வேண்டிய வித்தையும் இதுதான்.

இன்னொரு லாபம், செக்ரைட்டில் பாஸானால் அது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்ட்ரக்டரோடு செய்ய வேண்டிய ஃப்ளைட் ரிவ்யூவுக்குப் பதிலாகக் கணக்காகும், அடுத்த 24 மாதம் கவலையில்லை.

லாக்புக் பூதம்:

நான் இன்ஸ்ட்ரக்டர். மேலே சொன்னது அத்தனையும் சரி, ஆனால் இந்த மானூவர் வித்தைகளுக்குப் போகுமுன் லாக்புக்கை ஒரு முறை ஒழுங்காகப் புரட்டுங்கள்.

கமர்ஷியலுக்கு எஃப்ஏஏவின் (அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை) பார்ட் 61 விதியில் மொத்தம் 250 மணி. அதில் பைலட் இன் கமாண்டாக (பொறுப்பேற்று ஓட்டும் விமானியாக) 100, கிராஸ் கன்ட்ரியில் (ஊர்விட்டு ஊர் போகும் பயணத்தில்) கமாண்டாக 50. வார இறுதியில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு இவையெல்லாம் தானாகவே சேர்ந்திருக்கும். இடிப்பது சின்னச் சின்ன வரிகளில்தான். இன்ஸ்ட்ரக்டருடன் 20 மணிப் பயிற்சி வேண்டும். அதற்குள் 10 மணி இன்ஸ்ட்ரூமென்ட் பயிற்சி. நீங்கள் ரேட்டிங்குக்கு எடுத்ததே சேரும், ஆனால் பார்ஷியல் பேனல் (சில கருவிகள் வேலை செய்யாதபோது ஓட்டுவது), அசாதாரண நிலையிலிருந்து மீள்வது போன்றவையெல்லாம் லாக்புக் குறிப்பில் பெயர் சொல்லி இருக்க வேண்டும், வெறுமனே 'அப்ரோச் பயிற்சி' என்று எழுதியிருந்தால் தேர்வாளர் புருவத்தைத் தூக்குவார். இன்னொரு 10 மணி காம்ப்ளெக்ஸ் (சக்கரம் மடங்கும் வகை) விமானத்திலோ, நவீனத் திரைகள் கொண்ட விமானத்திலோ. முன்பு இதற்காகவே மடக்குச் சக்கர பைப்பர் ஏரோவைத் தேடி அலைவார்கள், 2018-இல் விதி மாறியது, ஆட்டோபைலட் உள்ள ஜி1000 172 போதும். அந்த விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

இனி பலரும் கோட்டைவிடும் இடம். 300 நாட்டிகல் மைல் நீளப் பயணம் ஒன்று வேண்டும், மூன்று இடத்தில் இறங்க வேண்டும், அதில் ஒன்றாவது கிளம்பிய இடத்திலிருந்து நேர்கோட்டில் 250 நாட்டிகல் மைல் இருக்க வேண்டும். இது சோலோ. சோலோ என்றால் விமானத்தில் உங்களைத் தவிர யாரும் இருக்கக் கூடாது. மனைவி பிள்ளைகளோடு ஃப்ளோரிடா வரை போய் வந்திருந்தாலும் இந்தக் கணக்கில் சேராது. தனியாகப் போக வேண்டாம் என்றால் ஓர் இன்ஸ்ட்ரக்டரை உட்கார வைத்துக்கொண்டு நீங்களே கமாண்டர் வேலையைச் செய்யலாம், அதற்கும் அனுமதி உண்டு. இரவில் 5 மணி, கன்ட்ரோல் டவர் இயங்கும் ஏர்போர்ட்டில் 10 முறை இரவு ஏற்றமும் இறக்கமும், அதுவும் இதே பிரிவில்தான் வருகிறது.

மெடிக்கல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். செக்ரைட்டுக்கு மூன்றாம் வகுப்பே போதும். காசுக்கு ஓட்டும்போதுதான் இரண்டாம் வகுப்பு. அது 12 மாதத்துக்குத்தான், அதற்குப் பின் மூன்றாம் வகுப்பாக இறங்கிவிடும். உங்களுக்குத் தேவையே இல்லை.

தரைக்காரன்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். முதலில் காசு விஷயம், ஏனென்றால் கேட்டவர் அதில்தான் வழுக்கப்போகிறார்.

கமர்ஷியல் வைத்திருப்பவர் சம்பளத்துக்கு ஓட்டலாம் என்பது சரி, ஆனால் அவர் விமான சர்வீஸ் நடத்தலாம் என்று அர்த்தமில்லை. 'வாங்க, இவ்வளவு கொடுத்தால் ஆஸ்டினில் இறக்கிவிடுகிறேன்' என்று அழைத்து, ஆட்களை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோனால் அது சார்ட்டர், அதாவது வாடகை விமான சர்வீஸ். அதற்கு பார்ட் 135 சான்றிதழ் வேண்டும், விமானிக்கு அல்ல, அந்தத் தொழிலுக்கே. செலவைப் பங்கிட்டுக்கொள்வது வேறு, அதை இப்போதே ப்ரைவேட்டில் செய்யலாம், உங்கள் பங்கைக் குறைக்காமல் போட்டால் சரி. அதையும் ஊர் முழுக்க விளம்பரம் செய்து நடத்த முடியாது. ஃப்ளைட்நவ் என்று ஒரு இணையதளம் பைலட்டையும் பயணிகளையும் சேர்த்துவைத்தது, எஃப்ஏஏ தடுத்தது, 2015-இல் நீதிமன்றமும் எஃப்ஏஏ பக்கமே நின்றது. சார்ட்டர் இல்லாமல் கமர்ஷியலால் செய்யக்கூடியது பேனர் இழுப்பது, மேலிருந்து படம் எடுப்பது, ஸ்கைடைவர்களை ஏற்றிப்போவது, பிறருடைய விமானத்தை அவருக்காக ஓட்டிக்கொடுப்பது, இந்த மாதிரி.

இது எதுவுமே ஹெச்1பியில் ஆகாது. விசா எந்தக் கம்பெனிக்கோ அங்கே மட்டும்தான் சம்பளம். எஃப்ஏஏ சரி என்று சொன்னாலும் குடியேற்றத் துறை சொல்லாது, கிரீன் கார்டு வரிசையில் நிற்கும்போது விளையாட வேண்டாம்.

ஆகவே கைப்பழக்கத்துக்காக மட்டும் என்றால், அதே காசில் டெயில்வீல் (வாலில் சக்கரம் உள்ள விமானம்) கற்றுக்கொள்ளலாம், ஒரு நல்ல அப்செட் பயிற்சிக்கு (விமானம் நிலைகுலைந்தால் மீள்வது) போகலாம். ஓரல் தேர்வுக்கு உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை, தேர்வாளருக்கு ஆயிரம் டாலர் பக்கம் எண்ணிவைக்கவும் வேண்டாம்.

பழைய செரோக்கி:

தரைக்காரன் சொல்லும் சட்டம் சரி, முடிவை ஏற்க மாட்டேன். டெயில்வீல் அருமை, ஆனால் செக்ரைட் என்று ஒரு தேதி முன்னால் நிற்காவிட்டால் நம்மில் பாதிப்பேர் இரண்டு பாடத்தோடு நிறுத்திவிடுவோம். தேர்வாளர் பக்கத்தில் உட்காருவார் என்ற பயத்தில்தான் 50 டிகிரி சாய்த்துத் திரும்பும் ஸ்டீப் டர்னில் நான் உயரத்தை நூறு அடிக்குள் பிடிக்கக் கற்றேன்.

டாலஸ்வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஆஸ்டின் டிக்கெட் யோசனையை இங்கேயே புதைத்துவிட்டேன். லாக்புக் பூதம் சார், நீளப் பயணங்கள் எல்லாமே குடும்பத்தோடு போனவை, ஆகவே அது புதிதாகத்தான் போக வேண்டும். டாலஸ் பக்கத்து அடிசன் ஏர்போர்ட்டிலிருந்து கிளம்பி ஆபிலீன், மிட்லண்ட், லபக், திரும்ப அடிசன் என்று போட்டால் ஒத்துவருமா? இன்ஸ்ட்ரக்டரோடு போவதா தனியாகவா?

லாக்புக் பூதம்:

தாராளமாக வரும். அடிசனிலிருந்து மிட்லண்ட் நேர்கோட்டில் 250-ஐ நன்றாகவே தாண்டுகிறது, விமான வரைபடத்தில் ஒரு முறை அளந்து அந்தத் தூரத்தையும் லாக்புக்கில் எழுதிவிடுங்கள், தேர்வாளர் கணக்குப் போட வேண்டியிருக்காது. தனியாகவே போங்கள். ஒரே ஒரு விஷயம், மேற்கு டெக்சாஸில் வசந்த காலத்து மதியம் காற்று மோசமாக இருக்கும், விடியும் முன்பே கிளம்பினால் மிட்லண்டில் குறுக்குக்காற்று எழுவதற்குள் இறங்கிவிடலாம். லபக் வேலை முடிந்து நேரமாகிவிட்டால் அங்கேயே ராத்தங்கிவிட்டு மறுநாள் வாருங்கள்.